பிரெய்ரிச் சமவெளியின் ஆளொழிந்த ஊர்கள்: தாமாக அழிந்தனவா, அழியவிடப்பட்டனவா?

மதிவாணன் எழுதியது:

பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளியில் அமைந்த, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துத் தென்பகுதியைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே போனால், பெயர் குறித்திருக்கும் பல இடங்களில் ஊர் இருப்பதில்லை. தெருக்களின் கட்டங்கள் புல்லுக்குள் மங்கலாகத் தெரிகின்றன. அவற்றுக்குரிய வீடுகளைக் காணோம். ராப்சார்ட் என்ற ஊரில் ஒரு காலத்தில் மருத்துவமனையே இருந்தது. இன்று அது தனி ஊராட்சி கூட இல்லாத, மிகச் சிலர் மட்டுமே வாழும் இடம். பென்ட்ஸ் என்ற ஊரின் படங்களில் காணக்கிடைப்பவை ஒரு மர தானியக் கிடங்கும் பாழடைந்த பலசரக்குக் கடையும்தான். இப்படிப்பட்ட ஊர்கள் அந்த மாகாணத்தில் நூற்றுக்கணக்கில் உள்ளன. அண்டை மாகாணங்களான ஆல்பர்ட்டாவிலும் மானிட்டோபாவிலும், எல்லைக்கு அப்பால் வட டகோட்டாவிலும் மொன்டானாவிலும் நிலைமை வேறல்ல.

என்னை உறுத்துவது இதுதான். இங்கே போர் நடக்கவில்லை, பெருவெள்ளம் வரவில்லை. சுற்றியுள்ள வயல்கள் இன்றும் விளைகின்றன. சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாகவே விளைகின்றன. விளையும் நிலத்தின் நடுவே ஊர் மட்டும் சாவது எப்படி? அது தவிர்க்க முடியாத போக்கா, அல்லது யாரோ எடுத்த முடிவுகளின் விளைவா? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

நிலவரை எழுதியது:

நல்ல கேள்வி, மதிவாணன். அந்த ஊர்கள் எப்படிப் பிறந்தன என்பதைப் பார்த்தால்தான் எப்படி இறந்தன என்பது விளங்கும். ஆற்றங்கரையோ சந்தையோ வழிபாட்டிடமோ அவற்றை உருவாக்கவில்லை. பெரும்பாலானவற்றின் இடத்தைத் தீர்மானித்தது ரயில் நிறுவனம்.

1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டப்படி, 10 டாலர் கட்டணம் செலுத்திய ஒருவர் 160 ஏக்கர் நிலத்தைக் கேட்டுப் பெறலாம்; மூன்று ஆண்டுகள் குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தின் ஒரு பகுதியை உழுது பண்படுத்திவிட்டால் அது அவருக்கே உரிமையாகும். இதற்காகச் சமவெளி முழுவதும் ஆறு மைல் பக்கமுள்ள சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரத்திலும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகள். ஒரு பிரிவின் காற்பங்குதான் அந்த 160 ஏக்கர். கனடியன் பசிபிக் ரயில்வேக்கு அரசு 2.5 கோடி டாலரோடு 2.5 கோடி ஏக்கர் நிலமும் கொடுத்தது. ஆகவே பாதை போடுவது, நிலத்தை விற்பது, அதில் விளைந்த கோதுமையை ஏற்றிச் செல்வது ஆகிய மூன்றுமே அந்த நிறுவனத்தின் வருவாயாக இருந்தன.

இனி, ஊர்களின் இடைவெளி. கோதுமை ஏற்றிய குதிரை வண்டி பண்ணையிலிருந்து நிலையத்துக்குச் சென்று, சரக்கை இறக்கிவிட்டு, அன்றே வீடு திரும்ப வேண்டும். அதனால் பாதை நெடுகிலும் எட்டு முதல் பத்து மைலுக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். நிலையம் இருந்த இடத்தில் கிடங்கு வந்தது. கிடங்கைச் சுற்றிக் கடை, அஞ்சலகம், தேவாலயம், பள்ளி, உணவு விடுதி எல்லாம் வந்தன. கிராண்ட் ட்ரங்க் பசிபிக் ரயில்வே தன் நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையிலேயே பெயர் சூட்டிக்கொண்டு போனது: ஃபென்வுட், குடீவ், ஹப்பர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெலிஹர், லெஸ்டாக் என்று. வரிசை முடியும் இடத்தில் வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா வந்தன. பிறகு மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்கள். மக்கள் வருவதற்கு முன்பே இடமும் பெயரும் முடிவாகியிருந்தன.

எலிவேட்டர் என்று அங்கே அழைக்கப்படும் அந்த மரக் கிடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டியை உள்ளே எடைமேடையில் நிறுத்தி, தானியத்தைத் தரையிலுள்ள குழியில் கொட்டுவார்கள். கிண்ணங்கள் கோத்த ஒரு முடிவற்ற பட்டை அதை உச்சிக்கு அள்ளிச் சென்று, தரத்துக்கேற்ப வெவ்வேறு அறைகளில் கொட்டும். பிறகு தன் எடையாலேயே அது ரயில் பெட்டிக்குள் வழிந்து இறங்கும். தானியத்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் சுவரின் பலகைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அறைந்தார்கள். தானியத் தூசியில் தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதால் இயந்திரத்தைத் தனிக் கொட்டகையில் வைத்தார்கள். 1933இல் மேற்குக் கனடாவில் இத்தகைய கிடங்குகள் 5,758 இருந்தன. அத்தனை கிடங்குகளுக்கும் தேவை இருந்ததற்கு ஒரே காரணம், குதிரை ஒரு நாளில் நடக்கும் தூரம். சரக்குந்து வந்த அன்றே அவற்றில் பாதிக்கு மேல் தேவையற்றவை ஆகிவிட்டன. ஆனால் அவை விழுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

கார்த்திகேயன் எழுதியது:

நிலவரை ஐயாவின் விளக்கத்தை முழுதும் ஏற்கிறேன். அதிலிருந்து எழும் முடிவையும் நாம் தயங்காமல் சொல்லியாக வேண்டும். 1936இல் சஸ்காச்சுவானில் ஏறத்தாழ 1,42,000 பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34,128. அன்று சராசரிப் பண்ணை சுமார் 400 ஏக்கர். இன்று 1,700 ஏக்கருக்கு மேல். அதே நிலத்தை நான்கில் ஒரு பங்கு குடும்பங்கள் பயிரிடுகின்றன என்றால், அந்தக் குடும்பங்களை நம்பியிருந்த கடையும் பள்ளியும் எப்படி நிலைக்கும்? மாகாணத்தின் மக்கள்தொகை 1936இல் சுமார் 9.3 லட்சம், 1951இல் 8.3 லட்சமாகக் குறைந்து, 2021இல் 11.3 லட்சமாக உயர்ந்திருக்கிறது. அந்த 11.3 லட்சம் பேரில் பாதிப்பேர் சஸ்கடூன், ரெஜைனா ஆகிய இரு நகர்ப்பகுதிகளில் வாழ்கிறார்கள். ஆகவே மக்கள் அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறார்கள்.

மின்சாரமும் குழாய் நீரும் இல்லாத வீட்டில், நாற்பது பாகை உறைகுளிரில், அண்டை வீட்டுக்கு ஒரு மைல் நடக்க வேண்டிய வாழ்க்கையை விட்டு அடுத்த தலைமுறை வெளியேறியதை நான் இழப்பாகக் காணவில்லை. இடிந்த கிடங்குகளைப் படமெடுத்து வருந்துகிறவர்கள், அங்கே வாழ்ந்தவர்கள் தாமாக விரும்பிப் போனார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாழினி ரெஜைனா எழுதியது:

கார்த்திகேயன், இளையவர்கள் விரும்பித்தான் போனார்கள். நான் எழுத விரும்புவது போக இயலாமல் அங்கேயே இருந்தவர்களைப் பற்றி. நான் தாதியாகப் பணியாற்றுகிறேன். ரெஜைனாவுக்கு வருவதற்கு முன்னர் தெற்கே ஒரு சிற்றூரின் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தேன்.

1993ஆம் ஆண்டு, கடன் சுமையில் இருந்த மாகாண அரசு 52 கிராமப்புற வைத்தியசாலைகளை மூடியது, அல்லது படுக்கை வசதியற்ற நலவாழ்வு நிலையங்களாக மாற்றியது. அரசின் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை; அன்று மாகாணம் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. ஆயினும் ஒரு சிற்றூரில் வைத்தியசாலைதான் மிகப் பெரிய தொழில்தருநர். அது போனால் தாதியர் போவார்கள். தாதியரின் பிள்ளைகள் போனால் பாடசாலையில் வகுப்புக் குறையும். பாடசாலை மூடினால் இளம் குடும்பங்கள் வரமாட்டா. எந்த ஊரில் இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதை அவ்வூர் முதியவர்கள் ஆண்டு, மாதத்தோடு சொல்வார்கள்.

அதற்குப் பின் பஸ். 1946இல் மாகாண அரசு தொடங்கிய சஸ்காச்சுவான் போக்குவரத்துக் கழகம், வாகனம் ஓட்டாதவர்களைச் சிற்றூர்களிலிருந்து நகரத்துக்குக் கொண்டுசென்றது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்வோர், பார்வை குன்றியதால் ஓட்டுநர் உரிமத்தைக் கைவிட்டோர், நகரத்தில் படிக்கும் பிள்ளைகள், மருந்துப் பொதிகள் என எல்லாம் அந்த பஸ்ஸில்தான் போயின. நட்டத்தில் இயங்குகிறது என்று கூறி 2017 மே மாத இறுதியில் அதை முற்றாக நிறுத்திவிட்டார்கள். எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியைப் பார்க்க, அவருடைய தங்கை கிழமைதோறும் அந்த பஸ்ஸில்தான் வருவார். பிறகு யாராவது வாகனத்தில் ஏற்றிவந்தால்தான் வருகை. பனிக்காலத்தில் அதுவும் இல்லை. இதை இடப்பெயர்வு என்ற ஒரு சொல்லில் அடக்க என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1962இல் எல்லோருக்குமான பொது மருத்துவக் காப்புறுதியைக் கனடாவிலேயே முதன்முதலில் நடைமுறைப்படுத்திய மாகாணம் இது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே, தங்களிடம் வைத்தியர் தங்கமாட்டார் என்று அஞ்சிய சின்னஞ்சிறு கிராமிய நகராட்சிகள் (பண்ணைப் பகுதிகளின் உள்ளாட்சி அமைப்புகள்) வரிப்பணத்தைச் சேர்த்து வைத்தியருக்கு ஆண்டுச் சம்பளம் கொடுத்தன. இன்று முழுக் கனடாவும் பெருமையாகச் சொல்லும் ஏற்பாட்டின் விதை அந்த ஊர்களில்தான் விழுந்தது. அந்த ஊர்களிலிருந்தே வைத்தியசாலையைப் பறித்ததுதான் என் மனத்தை வருத்துகிறது.

நிலவரை எழுதியது:

யாழினி அம்மா எழுதியது இந்த விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது. ரயிலைப் பற்றியும் இதேபோன்ற ஆண்டுவாரியான கணக்கு ஒன்று உண்டு. 1897இல் அரசும் கனடியன் பசிபிக் ரயில்வேயும் செய்த குரோஸ் நெஸ்ட் கணவாய் ஒப்பந்தத்தின்படி தானியத்துக்கான ரயில் கட்டணம் குறைக்கப்பட்டது. பிற்காலத்தில் அது சட்டப்படியான உச்சவரம்பாகவும் ஆனது. அந்தக் கட்டணம் இருந்தவரை எவ்வளவு தொலைவிலுள்ள கிளைப்பாதையிலிருந்தும் கோதுமையைத் துறைமுகத்துக்கு அனுப்ப முடிந்தது. ஆனால் ரயில் நிறுவனங்களுக்குச் செலவு கட்டவில்லை. எனவே அவை கிளைப்பாதைகளைப் பழுது பார்க்காமல் விட்டன. 1977இல் எம்மெட் ஹால் தலைமையிலான ஆணையம் 2,000 மைலுக்கும் மேற்பட்ட பாதைகளைக் கைவிடப் பரிந்துரைத்தது. (யாழினி அம்மா குறிப்பிட்ட மருத்துவக் காப்புறுதியை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்த ஆணையத்தின் தலைவரும் இதே ஹால்தான்.) 1983இல் பழைய கட்டண முறை முடிந்து, அரசு மானியம் அதன் இடத்துக்கு வந்தது, 1995இல் அந்த மானியமும் நின்றது.

அதற்குப் பின் வந்த சில ஆண்டுகளில் நடந்ததை ஒரு பேரிடிப்பு என்றே சொல்ல வேண்டும். நூறு பெட்டிகளுக்கு மேல் கொண்ட ரயிலை ஒரே இடத்தில் நிரப்பக்கூடிய கான்கிரீட் முனையங்களை முக்கியப் பாதைகளில் கட்டிக்கொண்டு, மரக் கிடங்குகளை வரிசையாக இடித்தார்கள். விவசாயிகளின் கூட்டுறவாக 1924இல் தொடங்கிய சஸ்காச்சுவான் வீட் பூல் அமைப்பே தன் கிடங்குகளை இடித்தது என்பது பலருக்கு ஆறாத வருத்தம். அது பின்னர் பங்குச்சந்தை நிறுவனமாகி, 2007இல் வைட்டெரா என்று பெயர் மாறியது. கிடங்கு செலுத்திய சொத்து வரியே பல சிற்றூர்களின் முதன்மை வருவாயாக இருந்தது. கிடங்கு போனதும் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பணமில்லை. அதே வேளையில், முன்பு ரயில் சுமந்த சரக்கைக் கனரக வண்டிகள் கிராமச் சாலைகளில் சுமந்தன. சாலையின் பழுதுச் செலவு கிராமிய நகராட்சியின் தலையில் விழுந்தது. ரயில் நிறுவனத்தின் கணக்கில் மிச்சமானது ஊராரின் கணக்கில் செலவாக வந்தது.

மதிவாணன் எழுதியது:

மிக்க நன்றி. ஆனால் ஊர்கள் காலியாகத் தொடங்கியது 1930களின் வறட்சியில் என்றுதான் படித்திருக்கிறேன். அந்தக் காலத்தை நாம் இன்னும் தொடவில்லையே?

செல்லம்மாள் எழுதியது:

அதை நான் எழுதுகிறேன். அதற்கும் முந்தைய ஒன்றைச் சேர்த்தே எழுத வேண்டும்.

1857 முதல் 1860 வரை இந்தச் சமவெளியை ஆராய்ந்த ஜான் பாலிசர், அதன் தென்பகுதியில் முக்கோண வடிவிலான பெரும்பரப்பு வேளாண்மைக்கு ஏற்றதல்ல என்று அறிக்கை கொடுத்தார். பின்னர், மழை மிகுந்த ஆண்டுகளில் அங்கே சென்ற தாவரவியலாளர் ஜான் மக்கூன் அதே நிலத்தைச் செழிப்பானது என்றார். ரயிலும் அரசும் இரண்டாமவரின் பேச்சைக் கேட்டன. 1930களில் பாலிசரின் கூற்று மெய்யாயிற்று. 1937இல் சஸ்காச்சுவானின் சராசரிக் கோதுமை விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷலைக்கூட (ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ) எட்டவில்லை. விலையோ 1932இலேயே புஷலுக்கு 40 சென்டுக்கும் கீழே போயிருந்தது. பெட்ரோல் வாங்க வழியில்லாதவர்கள் காரின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டினார்கள். அன்றைய பிரதமரின் பெயரால் அதற்குப் பென்னட் வண்டி என்று பெயர். குடும்பங்கள் வடக்கே காட்டோரம் நோக்கி நகர்ந்தன. ஆல்பர்ட்டா அரசு 1938இல் சிறப்புப் பகுதிகள் சட்டம் இயற்றி, வரி கட்ட முடியாமல் விடப்பட்ட நிலத்தைத் தானே எடுத்துக்கொண்டு, புல்வெளியாக மீட்டு, மேய்ச்சலுக்குக் குத்தகை விட்டது. அந்த நிர்வாகம் இன்றும் ஹானா நகரிலிருந்து நடக்கிறது. விலக நேர்ந்தால் எப்படி விலகுவது என்பதற்கு அதை நல்ல முன்னுதாரணமாகக் கருதுகிறேன்.

ஆனால் இந்தச் சமவெளி காலியானது அப்போது முதல் தடவை அல்ல. காட்டெருமைக் கூட்டங்கள் அழிக்கப்பட்டதும் அவற்றை நம்பி வாழ்ந்த க்ரீ, அசினிபாய்ன், பிளாக்ஃபுட் முதலிய தொல்குடிகள் பட்டினியில் வீழ்ந்தார்கள். அரசுக்கும் தொல்குடிகளுக்கும் இடையே 1874இல் நான்காம் உடன்படிக்கையும் 1876இல் ஆறாம் உடன்படிக்கையும் கையெழுத்தாகியிருந்தன. இருந்தும் 1882, 83ஆம் ஆண்டுகளில் சைப்ரஸ் குன்றுகளில் கூடியிருந்தவர்களுக்கு அரசு உணவுப் பங்கீட்டை நிறுத்தி, ரயில் பாதைக்கு அருகிலிருந்து அவர்களை வடக்கே, தொல்குடிகளுக்கென வரையறுத்த ஒதுக்கிடங்களுக்கு விரட்டியது. 1885க்குப் பிறகு, எந்தச் சட்ட அடிப்படையும் இல்லாமல், அனுமதிச் சீட்டின்றி அவர்கள் ஒதுக்கிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். காலி நிலம் என்று விளம்பரம் செய்யப்பட்டது இப்படிக் காலியாக்கப்பட்ட நிலம்தான். குடியேறியவர்களின் ஊர்களுக்காக வருந்தும்போது இந்த மக்களின் பாசறைகளுக்காகவும் வருந்த வேண்டும் என்று உளமார நம்புகிறேன். இன்று சஸ்காச்சுவானில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தொல்குடியினர். 1992இல் கையெழுத்தான நில உரிமை ஒப்பந்தத்தின்படி 25 தொல்குடிச் சமூகங்கள், தங்களுக்குத் தராமல் விடப்பட்ட நிலத்துக்கு ஈடாகப் பணம் பெற்று, விற்க விரும்புவோரிடம் நிலம் வாங்கி வருகின்றன.

குடியேறியவர்களும் ஒரே தன்மையினர் அல்லர். எடன்பிரிட்ஜில் யூதர்கள் 1906இல் ஒரு வேளாண் குடியிருப்பு அமைத்தார்கள். மரத்தாலான அவர்களது தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. ஓக்லஹோமாவின் இனவெறிச் சட்டங்களிலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தார் ஆல்பர்ட்டாவில் ஆம்பர் வேலி என்ற ஊரை உருவாக்கினார்கள். மேற்கொண்டு அவர்கள் வராதபடி தடுக்க 1911இல் கனடிய அமைச்சரவை ஓர் ஆணையே பிறப்பித்தது, அது செயலுக்கு வரவில்லை என்றாலும். அவ்வூரும் இப்போது ஏறத்தாழ ஆளற்றது.

கார்த்திகேயன் எழுதியது:

செல்லம்மாள் அம்மா எழுதியதைப் படித்தபின் வேறொரு கேள்வி எழுகிறது. 1987இல் அமெரிக்கப் பேராசிரியர்களான ஃபிராங்க் பாப்பர், டெபோரா பாப்பர் இருவரும், பெருஞ்சமவெளியின் வறண்ட பகுதிகளைத் திரும்பவும் புல்லுக்கும் எருமைக்கும் விட்டுவிடலாம் என்று எழுதினார்கள். அங்கு வாழ்ந்தவர்கள் கடுமையாகக் கொதித்தார்கள். இன்று சஸ்காச்சுவானின் தென் எல்லையில் வால் மேரி ஊரை ஒட்டிய புல்வெளித் தேசியப் பூங்காவில் 2005 முதல் காட்டெருமைகள் மீண்டும் வாழ்கின்றன. பண்ணைகள் பெருத்ததையும் கிளைப்பாதைகள் நட்டத்தில் ஓடியதையும் யாரும் மறுக்கவில்லை. அப்படியிருக்க, இந்த ஊர்களைக் காப்பாற்ற நடைமுறையில் வேறு வழி ஏதேனும் இருந்ததா? வருத்தத்தைத் தாண்டி அதை அறிய விரும்புகிறேன்.

யாழினி ரெஜைனா எழுதியது:

எல்லா ஊர்களையும் காப்பாற்றியிருக்க முடியாது, உண்மைதான். எட்டு மைலுக்கு ஓர் ஊர் என்பது இனி யாருக்கும் தேவையில்லை. ஆனால் நாற்பது மைலுக்கு ஒரு வைத்தியசாலை, கிழமைக்குச் சில நாள்களாவது ஒரு பஸ் என்பது மிகைப்பட்ட கோரிக்கையா? எந்த ஊர் மையமாக நிலைக்கும், அதற்கு எந்தெந்த ஊரவர் எப்படி வந்து சேர்வர் என்று திட்டமிட்டுச் செய்திருந்தால், அங்கேயே முதுமை அடைந்தவர்கள் இவ்வளவு தனித்துப் போயிருக்க மாட்டார்கள்.

இங்குள்ள வாசகர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றும் உண்டு. இலங்கையில் நம் வீடுகளில் நாள்தோறும் சமைக்கும் மைசூர்ப் பருப்பில் ஒரு பகுதி கனடாவிலிருந்து வருவது. கனடாவின் பருப்பு விளைச்சலில் மிகப் பெரும் பங்கு சஸ்காச்சுவானுடையது. 1970களில் சஸ்கடூனிலுள்ள சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் ஆய்வாளர் இந்நிலத்துக்கு ஏற்ற பருப்பினங்களை உருவாக்கத் தொடங்கினார். 1978இல் லெயர்ட் என்ற இனம் வெளிவந்தது. கோதுமையையே நம்பி, இடையிடையே நிலத்தைத் தரிசாகப் போட்டுவந்த வறண்ட பகுதிகளில் பருப்பு ஒரு மாற்றுப் பயிராயிற்று. அதைத் துப்புரவு செய்து, தோல் நீக்கிப் பொதி செய்யும் ஆலைகள் சில சிற்றூர்களில் வேலை கொடுக்கின்றன. இந்தியா 2017இல் பட்டாணிக்கு 50 வீத இறக்குமதி வரி விதித்தபோது இங்கே விவசாயிகள் கலங்கியதை நான் நேரில் கண்டேன்.

நிலவரை எழுதியது:

கார்த்திகேயனின் கேள்விக்கு என் பதிலைச் சின்டலூட்டா என்ற சிற்றூரிலிருந்து தொடங்குகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடங்கு நிறுவனங்கள் எடையிலும் தரத்திலும் விவசாயிகளை ஏமாற்றின. தானே நேரடியாகப் பெட்டியில் ஏற்றி அனுப்ப விவசாயிக்குச் சட்டம் உரிமை தந்திருந்தும், ரயில் நிறுவனம் பெட்டிகளைக் கிடங்குகளுக்கே ஒதுக்கியது. 1902இல் அங்குள்ள விவசாயிகள் தங்கள் சங்கத்தின் வழியாக நிலைய முகவர்மீது வழக்குத் தொடுத்து வென்றார்கள். அபராதம் 50 டாலர்தான். ஆனால் விவசாயி தனக்கென ஒரு பெட்டியைக் கேட்டுப் பெறும் உரிமை அன்று உறுதியானது. அது இன்றும் கனடிய தானியச் சட்டத்தில் இருக்கிறது.

எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழித்துக் கிளைப்பாதைகள் கைவிடப்பட்டபோது இந்த உரிமைதான் சில இடங்களுக்குக் கைகொடுத்தது. பெருநிறுவனம் வேண்டாம் என்று விட்ட பாதையை உள்ளூர் விவசாயிகளும் நகராட்சிகளும் சேர்ந்து வாங்கிச் சிறு ரயில் நிறுவனங்களாக நடத்தினார்கள். 1989இல் சதர்ன் ரெய்ல்ஸ் கூட்டுறவு தொடங்கியது. தென்மேற்கில் ஷானவன் நகரை மையமாகக் கொண்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை 2004இல் அப்பகுதி மக்களே வாங்கினார்கள். இவற்றுக்கு ஆயுள் கொடுத்தது, விவசாயிகள் நேரடியாக நிரப்பி அனுப்பும் அந்தப் பெட்டிகள்தான். பாதையை உரிய நேரத்தில், பழைய இரும்பு விலைக்கு, உள்ளூருக்கு விற்றிருந்தால் இன்னும் பல இடங்களில் இது நடந்திருக்கும். பல பாதைகளில் தண்டவாளத்தைப் பிடுங்கி விற்ற பிறகுதான் ஊராருக்குப் பேசவே வாய்ப்புக் கிடைத்தது.

கிடங்குகளைக் காப்பதற்கும் இதே போன்ற முயற்சி வேண்டும். மானிட்டோபாவின் இங்க்லிஸில் ஐந்து கிடங்குகள் வரிசையாகத் தேசியச் சின்னமாகப் பேணப்படுகின்றன. ஆல்பர்ட்டாவின் ரௌலியில் பத்துப் பேர் அளவில் எஞ்சியவர்கள், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவுகளில் பீட்சா விருந்து நடத்தித் தங்கள் ஊரின் கட்டடங்களைப் பழுது பார்க்கப் பணம் சேர்த்தார்கள். சஸ்காச்சுவானின் ஃபிளெமிங்கிலும், கனடாவில் தன் முதல் இடத்திலேயே நின்ற மிகப் பழைய கிடங்கை, 1895இல் கட்டியதை, ஊரார் பாடுபட்டுச் சீரமைத்து வந்தார்கள். அதை 2010 பிப்ரவரியில் யாரோ தீயிட்டு எரித்துவிட்டார்கள். அங்கே செல்லும் எண்ணமுள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆளற்றதாகத் தோன்றும் வீட்டுக்கும் உரிமையாளர் உண்டு, கிடங்கின் தரைப்பலகைகள் உளுத்திருக்கும். அருகில் குடியிருப்பவரைக் கண்டு, கேட்டு, அனுமதி பெற்ற பின்னரே உள்ளே செல்லுங்கள். அவர்களிடம் பேசினால் நான் இங்கே எழுதியதைவிடப் பலமடங்கு அறிந்துகொள்வீர்கள்.